கோலாலம்பூர் என்ன, வெளி வீதிக்கு அடுத்த வீதியா?

கேள்வி, ஜனவரி 5, 2025

"காலேஜ் பிள்ளைங்க இப்பல்லாம் லீவு விட்டா மலேசியா போயிட்டு வந்து ஃபாரின் போனேன்னு ஸ்டேட்டஸ் போடுறாங்க. அங்க போனா முருகன் கோயில், பரோட்டா, தமிழ்ப் பாட்டு, தமிழ் போர்டு. இதுக்கு எதுக்கு பாஸ்போர்ட்டு? மதுரைக்காரனுக்கு கோலாலம்பூர்ங்கறது வெளி வீதிக்கு அடுத்த வீதி. டோக்கியோ, லண்டன்னு போனாத்தான் வெளிநாடு. இல்லைங்கறவங்க வந்து பேசுங்க."

ஜனவரி 5, இரவு 11.40

இல்லைங்கறேன். போன மாசம்தான் போயிட்டு வந்தேன். சிவில்ல எம்.ஈ. படிக்கிறேன், சொந்த ஊரு உசிலம்பட்டி பக்கம், ஹாஸ்டல் மதுரைல. கூட வந்தது கிளாஸ்மேட் ரெண்டு பேரு, மூணு பேருமே பொண்ணுங்க. இதை முதல்லயே சொல்லிடுறேன், இல்லாட்டி கீழ எல்லாரும் "தம்பி"ன்னு ஆரம்பிச்சிருவீங்க.

மதுரைல இருந்து கேயெல்லுக்கு (கோலாலம்பூரோட சுருக்கம்) நேரா ஃபிளைட்டு கிடையாது, திருச்சி போயித்தான் ஏறணும். வானத்துல நாலு மணி நேரம், அவ்வளவுதான், நம்ம ஊர்ல இருந்து சென்னைக்கு பஸ்ல போறதுல பாதி கூட இல்ல. இறங்கி இமிக்ரேஷன் எல்லாம் முடிச்சு வெளில வந்தா மணி ஆறே முக்கால், வெளில இன்னும் இருட்டு. நான் போன்ல டைம் தப்பா மாறிருச்சுன்னு நினைச்சேன், கூட வந்தவ சூரியனே லீவு போலன்னா. நமக்கும் அவங்களுக்கும் ரெண்டரை மணி நேர வித்தியாசம். கேயெல் இருக்குற இடத்துக்கு அது ஓவர்தான், 1982ல கிழக்கு மலேசியாவோட (சபா, சரவாக் அங்கிட்டு போர்னியோல இருக்கு) ஒரே நேரமா இருக்கட்டும்னு கேயெல் பக்கம் இருக்குறவங்க கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சுட்டாங்க. அதனால ஸ்கூல் பிள்ளைங்க இருட்டுலயே பை மாட்டிக்கிட்டு ரோட்ல நிக்குதுங்க. வெளிநாடுன்னு எனக்கு முதல்ல தட்டுனதே இதுதான், கட்டடம் எல்லாம் அப்புறம்.

ஏர்போர்ட்டு சிப்பாங்ல இருக்கு, சிட்டி அம்பது கிலோமீட்டருக்கு மேல. ரயில்ல ஒரு ஆளுக்கு 55 ரிங்கிட், நாங்க போனப்ப ஒரு ரிங்கிட் நம்ம காசுக்கு பத்தொம்பது ரூவா பக்கம் இருந்துச்சு, கணக்குப் போட்டுக்கங்க. பஸ்ல அதுல மூணுல ஒரு பங்கு கூட ஆகல, பஸ்தான் ஏறுனோம். ரெண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம் (பாமாயில் எடுக்குற மரம்), வரிசை வரிசையா, முடியவே மாட்டேங்குது.

மீதி நாளைக்கு. ரெவ்யூ இருக்கு.

ஜனவரி 6, மதியம்

கேள்வி கேட்டவர் இன்னும் பதில் போடல, ஆனா அதுக்குள்ள ஆளாளுக்கு விசா பத்திக் கேக்குறீங்க. இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர் 1ல இருந்து விசா வேண்டியதில்ல, முப்பது நாள் வரைக்கும் தங்கலாம், 2026 கடைசி வரைக்கும் அதை நீட்டியிருக்காங்க. ஆனா போறதுக்கு மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல ஒரு அரைவல் கார்டு ஃபில் பண்ணணும், அது ஃப்ரீ. அதுக்குக் காசு கேக்குற வெப்சைட்டு எல்லாம் டுபாக்கூர்.

சார்ஜர் பின்னு அங்க பிரிட்டிஷ்காரன் மாடல், மூணும் தட்டையா சதுரமா இருக்கும், நம்ம ஊரு பிளக்கு போகாது. அடாப்டர் இங்கயே வாங்கிட்டுப் போங்க.

"பொம்பளப் பிள்ளைங்களைத் தனியா எப்படி விட்டாங்க"ன்னு கேட்ட அண்ணனுக்கு: விடல, ஒரு செமஸ்டர் பூராம் பேசிப் பேசிக் கரைச்சோம். அங்க கொம்யூட்டர் ரயில்ல பொம்பளைங்களுக்குன்னு தனிப் பெட்டி இருக்கு, பிங்க் ஸ்டிக்கர் ஒட்டி, 2010ல இருந்து. ராத்திரி பத்து மணிக்கு மேல மூணு பேரும் நடந்தோம், எவனும் ஒண்ணும் சொல்லல. பைய மட்டும் ரோட்டுப் பக்கம் மாட்டாதன்னு ஹாஸ்டல் ரிசப்ஷன்ல ஒரு சீனத்து அக்கா சொன்னாங்க, பைக்ல வர்றவன் பறிச்சுட்டுப் போயிருவானாம். நம்ம ஊர்ல செயினு, அங்க பை.

ஜனவரி 6, இரவு

சரி, முருகனுக்கு வருவோம். கேள்வி கேட்டவரோட மெயின் பாயிண்டே அதுதான.

பத்துமலை. ஆறுபடை வீட்டுல ரெண்டை (திருப்பரங்குன்றமும் பழமுதிர்ச்சோலையும்) நம்ம மாவட்டத்துலயே வச்சுக்கிட்டு கடல் தாண்டிப் போயி இன்னொரு முருகனைப் பாக்கணுமான்னு எங்க அப்பாவும் கேட்டாரு. நானும் பெருசா எதிர்பார்க்காமத்தான் போனேன். ரயிலு கோயில் வாசல்லயே கொண்டு போயி விடுது, பத்துமலைங்கறதுதான் அந்த லைனோட கடைசி ஸ்டேஷன். இறங்கி நடந்தா முதல்ல பச்சைக் கலர்ல ஆஞ்சநேயர், அப்புறம் திரும்புனா தங்கக் கலர்ல அந்தச் சிலை, 42.7 மீட்டர், 2006ல திறந்தது. செஞ்சவரு திருவாரூர்க்காரரு. பக்கத்துல 272 படி, 2018ல வரிசைக்கொரு கலர் அடிச்சு விட்டாங்க, போட்டோவுல எல்லாரும் போடுறது அதுதான்.

போட்டோவுல வராதது என்னன்னா, மேல ஏறி உள்ள போனா அந்தக் குகை. திருப்பரங்குன்றம் குடைவரை, மனுஷன் உளி வச்சுக் குடைஞ்சது, உள்ள போனா குனிஞ்ச மாதிரி ஒரு அடக்கம் தானா வரும். இது சுண்ணாம்புப் பாறை, தண்ணியே அரிச்சு அரிச்சு உருவாக்குனது, கூரை எங்கயோ மேல இருக்கு, அதுல ஒரு ஓட்டை, அது வழியா வெளிச்சமும் மழைத்தண்ணியும் சொட்டுது. கீழ கோழி மேயுது. குரங்கு லந்து வேற. அழகர்கோயில் குரங்குகிட்ட டிரெய்னிங் எடுத்தவங்கதான் நாங்க, இருந்தும் எங்க பிரியா (பேரு மாத்திட்டேன், அவ இந்த இழையைப் படிக்கிறா) கையில இருந்த கரும்பு ஜூஸைப் புடுங்கிட்டுப் போயிருச்சு.

அப்புறம் கூட்டம். என் முன்னாடி ஏறுனது ஒரு சீனக் குடும்பம், அந்தம்மா கையில அர்ச்சனைத் தட்டு, பொண்ணு நெத்தில திருநீறு. எனக்கு அடுத்தாப்ல நின்னது ஐரோப்பாக்காரங்க, ஷார்ட்ஸ் போட்டு வந்ததால கீழ வாடகைக்குக் குடுக்குற துணிய இடுப்புல சுத்திவிட்டிருந்தாங்க. ஐயரு அந்தச் சீனத்து அம்மாகிட்ட மலாய்ல நட்சத்திரம் கேட்டாரு, அவங்க பதில் சொன்னாங்க, தமிழ்ல மந்திரம் மாதிரி அந்த நட்சத்திரப் பேரைச் சரியா சொன்னாங்க. நம்ம கோயில்தானேன்னு நான் உள்ள போனேன், அங்க இருந்ததுலயே முழிச்சுக்கிட்டு நின்னது நான்தான்.

ஜனவரி 7, காலை

ஒருத்தர் எழுதியிருக்காரு, "உலகத்துலயே உயரமான முருகன் சிலை"ன்னு. இப்ப இல்லீங்க. சேலம் மாவட்டத்துல முத்துமலை முருகன், 146 அடி, 2022ல கும்பாபிஷேகம் ஆச்சு. பத்துமலை 140 அடி. ரெண்டையும் செஞ்சது ஒரே சிற்பிதான். மலேசியாவுக்குப் போயிச் செஞ்சு குடுத்துட்டு வந்து, நம்ம ஊர்ல ஆறு அடி கூட்டிச் செஞ்சிருக்காரு, குசும்பைப் பாருங்க.

ஜனவரி 8, இரவு 12.15

பரோட்டா. இதை நான் எழுதலைன்னா நீங்க விடமாட்டீங்க.

அங்க "ரொட்டி சானாய்"னு குடுக்குறதை மதுரைப் பரோட்டாவோட ஒப்பிட்டு "நம்மது மாதிரி இல்ல"ன்னு மேல மூணு பேரு எழுதிட்டீங்க. ஒப்பிடுறதே தப்பு. நம்ம பரோட்டா சுருட்டி வச்சுத் தட்டுறது, லேயர் லேயரா பிரியணும், பிச்சுப்போட்டு சால்னாவ ஊத்தி ஊற வைக்கணும். அவங்களது வீசி மடிக்கிறது, சதுரமா வரும். அதாவது நம்ம வீச்சுப் பரோட்டாதான் அதுக்குச் சொந்தக்காரன். முட்டை போட்டா ரொட்டி தெலூர், நம்ம முட்டை வீச்சு. இப்ப சொல்லுங்க, வீச்சோட வச்சுப் பாத்தா எது நல்லா இருக்கு? எனக்கு மாவு அங்கதான் மெத்துனு இருந்துச்சு, உண்மையச் சொல்றேன், கல்லை எறியாதீங்க. சால்னாவுல மட்டும் நம்மளை அடிச்சுக்க முடியாது. அவங்க பருப்புக் குழம்பு குடுக்குறாங்க, கொஞ்சம் சம்பல், கேட்டா மீன் குழம்பு. பரோட்டாவுக்குப் பருப்பான்னு முதல் நாள் மூஞ்சிய சுளிச்சவ அப்புறம் ரெண்டாவது கிண்ணம் கேட்டு வாங்குனா (நான் இல்ல).

இந்தக் கடைகளை மாமாக் கடைங்கறாங்க, தமிழ் முஸ்லிம்கள் நடத்துறது, நிறைய கடை இருபத்திநாலு மணி நேரமும். தூங்கா நகரம்னு நாம பேருக்குச் சொல்லிக்கிறோம், அங்க ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு குடும்பமே, கைக்குழந்தையோட, பெரிய ஸ்கிரீன்ல ஃபுட்பால் பாத்துக்கிட்டு தே தாரிக் (இழுத்து ஆத்துன டீ) குடிச்சுக்கிட்டு இருக்கு. மலாய்க்காரங்க, சீனவங்க, தமிழாளுங்க எல்லாரும் பக்கத்துப் பக்கத்து டேபிள்ல. தே தாரிக்ல கண்டென்ஸ்டு மில்க்கு, ரொம்ப இனிப்பு, "சக்கரை கம்மி"ன்னு சொன்னாலும் இனிப்புதான்.

ஒண்ணு மட்டும் எனக்கு ஜீரணமே ஆகல. தண்ணிக்குக் காசு. சாதாரண வெந்நி, ஒரு கிளாஸ், பில்லுல தனியா ஏத்துறான். சில்லறைக் காசுதான், ஆனா உக்காந்ததும் ஜக்குல தண்ணி வைக்காத ஹோட்டலை நான் வாழ்க்கைல பாத்ததில்ல. இதுக்கே பாஸ்போர்ட்டு வேணும்.

ஜனவரி 10

பதில் வந்துருச்சு. கேள்வி கேட்டவர் சொல்றாரு: "நீங்க சொல்றது எல்லாம் நேரம், தண்ணி, பிளக்கு. மனுஷங்க? மொழி? அங்க போயி ஒரு தடவையாச்சும் தமிழ் தெரியாம கஷ்டப்பட்டீங்களா? இல்லைல்ல? அப்ப நம்ம ஊருதான்."

இதுக்குத்தான் காத்திருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் செம மழை. அங்க மழை அப்படித்தான், மதியம் வரைக்கும் கொளுத்தும், மூணு நாலு மணிக்கு மேல இடியோட கொட்டித் தீத்துரும். பிரிக்ஃபீல்ட்ஸ்ல மாட்டிக்கிட்டோம். அங்க லிட்டில் இந்தியான்னு வளைவு எல்லாம் வச்சிருக்காங்க, வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை, ஸ்பீக்கர்ல தமிழ்ப் பாட்டு. டாக்சி புக் பண்ணோம், வந்த அண்ணன் தமிழ். ஐம்பது வயசு இருக்கும். ஏறுனதும் "பசியாறிட்டீங்களா"ன்னு கேட்டாரு. எனக்குச் சந்தோஷம் தாங்கல, நம்மாளு கிடைச்சிட்டாருன்னு அடுத்த கேள்வியே "அண்ணே, உங்களுக்குச் சொந்த ஊரு எது?"

"ரவாங்." (கேயெல் பக்கத்துல ஒரு ஊரு.)

"இல்லண்ணே, அதுக்கு முன்னாடி? தமிழ்நாட்டுல?"

"எங்க தாத்தாவோட அப்பா வந்தாருமா, ரப்பர் தோட்டத்துல பால் வெட்ட. எந்த ஊருன்னு தாத்தாவுக்கே சரியாத் தெரியாது. நான் இந்தியா போனதில்ல. சம்சாரம் பழனி போகணும்னு சொல்லிக்கிட்டே இருக்கு."

நான் விடல. மதுரை தெரியுமா, ஜல்லிக்கட்டு தெரியுமா, அங்க வந்தா எங்க வீட்டுக்கு வாங்கன்னு பேசிக்கிட்டே போறேன், அவரும் சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டு, கடைசில கண்ணாடில பாத்துச் சொன்னாரு, "எல்லா டூரிஸ்டும் இதேதான் கேக்குறீங்கமா. நான் மலேசியாக்காரன். நீங்க இந்தியா. தமிழ் பேசுறோம், சந்தோஷம்." கோவமா எல்லாம் சொல்லல. சொல்லிட்டு ரேடியோவ வச்சாரு, அதுல தமிழ்ல டிராஃபிக் நியூஸ் ஓடுச்சு, ஜாலான் அது ஜாலான் இதுன்னு, எனக்கு ஒரு தெரு கூடப் புரியல. அவருக்கு அத்தனையும் புரிஞ்சுச்சு. வண்டியத் திருப்பிட்டாரு.

நாட்டுல ஐநூறுக்கு மேல தமிழ்ப்பள்ளி இருக்கு, அரசாங்கக் கணக்குல. அவரு படிச்சது அதுல ஒண்ணு, ஆறாம் வகுப்பு வரைக்கும், அப்புறம் மலாய்ப் பள்ளி. கொழுந்தியா டீச்சராம். இதெல்லாம் நாம அனுப்பி வச்ச தமிழ் இல்ல. அவங்க அங்கயே இருந்து, சண்டை போட்டு, காசு போட்டு வச்சிருக்கறது. அதைப் பாத்துட்டு "நம்ம ஊரு மாதிரியே இருக்கு"ன்னு நாம சர்ட்டிஃபிகேட் குடுக்குறது எனக்கு இப்பக் கூச்சமா இருக்கு.

தமிழ் தெரியாம கஷ்டப்பட்டேனான்னு கேட்டீங்கல்ல. தமிழ் தெரிஞ்சுதான் வெளிநாடுன்னு புரிஞ்சுச்சு.

ஜனவரி 10, கொஞ்ச நேரம் கழிச்சு

"டயலாக் நல்லாருக்கு"ன்னு கமெண்ட் போட்டவருக்கு நன்றி. இனிமே டயலாக் இல்ல, கான்கிரீட்டு மட்டும்தான்.

ஜனவரி 15, பொங்கல் லீவு, ஊர்ல இருந்து

பாலமேடு டிவில ஓடிக்கிட்டு இருக்கு, நான் பெட்ரோனாஸ் டவர் பத்தி எழுதுறேன், எங்க அம்மா என்னைப் பாக்குற பார்வை சரியில்ல.

டவர் மேல நாங்க ஏறல. டிக்கெட்டு கட்டுபடியாகல. கீழ பார்க்குல உக்காந்து பாத்தோம், ராத்திரி லைட்டு போட்டப்புறம் இன்னொரு தடவை வந்து பாத்தோம். 452 மீட்டர், 88 மாடி, 1998 வாக்குல முடிச்சது, 2004 வரைக்கும் உலகத்துலயே உயரம். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடிச்ச கதை கீழ இருக்கு, மண்ணுக்குள்ள.

முதல்ல அவங்க குறிச்ச இடத்துல மண்ணு பரிசோதனை பண்ணிப் பாத்தா, சைட்டோட ஒரு பாதிக்குக் கீழ அரிச்சுப்போன சுண்ணாம்புப் பாறை, இன்னொரு பாதிக்கு வேற பாறை. அப்படியே கட்டுனா ஒரு பக்கமா இறங்கும். அதனால கட்டடத்தையே அறுபது மீட்டர் பக்கம் நகர்த்திட்டாங்க, முழுசா மண்ணு மேல உக்கார்ற மாதிரி. ஒரு டவருக்கு 104 பைல் (மண்ணுக்குள்ள இறக்குற கான்கிரீட் தூணு), 60ல இருந்து 114 மீட்டர் ஆழம். அதுக்கு மேல போட்ட ராஃப்ட் ஃபவுண்டேஷனுக்கு (தடிமனான பலகை மாதிரி அஸ்திவாரம்) 54 மணி நேரம் நிறுத்தாம கான்கிரீட் ஊத்தியிருக்காங்க, 13,200 கன மீட்டர், ஒரு டவருக்கு மட்டும். ஸ்டீல் வெளிய இருந்து வாங்கணும், கான்கிரீட் அவங்களுக்குக் கைவந்த கலை, அதனால மெயின் ஃபிரேமே கான்கிரீட்டு, கிரேடு 80 வரைக்கும் (நம்பர் கூடுனா பலம் கூட). எங்க தெருவுல வீடு கட்டுறவங்க எம்20 (அதாவது கிரேடு 20) சரியாப் போட்டாலே நான் போயி கும்பிட்டுட்டு வருவேன்.

ரெண்டு டவரையும் ரெண்டு வேற வேற குரூப்பு கட்டுச்சு, ஒண்ணு ஜப்பான் கம்பெனி தலைமைல, ஒண்ணு கொரியா கம்பெனி தலைமைல, போட்டி போட்டு. நடுவுல இருக்குற பாலம் 41, 42வது மாடில. அதை ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டல, காத்துக்கு டவர் ஆடும்போது பாலம் வழுக்கிக் குடுக்கும், இறுக்கிக் கட்டியிருந்தா பிச்சுக்கிட்டுப் போயிரும்.

இப்ப கவனிங்க, பத்துமலைல மேல குகையா நின்ன அதே மாதிரிச் சுண்ணாம்புப் பாறைதான் சிட்டிக்கு அடில பல இடத்துல இருக்கு. ஒரு இடத்துல கோயிலாச்சு, இன்னொரு இடத்துல என்ஜினியருக்குத் தலைவலி. நம்ம பக்கம் யானைமலை, நாகமலைன்னு கல்லுக் கல்லா இருக்கு, அஸ்திவாரத்துக்குக் கவலையில்ல, தண்ணிக்குப் போர் போடுறவனுக்குத்தான் அழுகை.

ஜனவரி 15, மாலை

சுரங்கத்தை விட்டுட்டேன். ஸ்மார்ட் டனல். எங்க செமினாருக்கே இதைத்தான் எடுக்கப் போறேன், அதனால நீளும், பிடிக்காதவங்க தாண்டிப் போங்க.

கேயெல் ரெண்டு ஆறு சேர்ற இடத்துல உருவான ஊரு, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும். சேர்ற முக்குலயே மஸ்ஜித் ஜமேக், 1909ல ஹப்பேக்னு ஒரு வெள்ளைக்கார ஆர்க்கிடெக்ட் கட்டுனது, சிவப்பும் வெள்ளையும் செங்கல், பாத்தா நம்ம சென்னை ஹைகோர்ட்டுக்கு ஒண்ணு விட்ட தம்பி. மழை பெஞ்சா இந்த முக்குல வெள்ளம் ஏறிரும். அதுக்கு 9.7 கிலோமீட்டருக்கு ஒரு சுரங்கம் தோண்டியிருக்காங்க, 2007ல திறந்தது. அதுல நடுவுல ஒரு நாலு கிலோமீட்டர் மட்டும் ரெண்டு அடுக்கா கார் ரோடு. சாதாரண நாள்ல கார் போகும். ஓரளவு மழைன்னா ரோட்டுக்குக் கீழ இருக்குற அடுக்குல தண்ணிய விடுவாங்க, கார் மேல ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். பேய்மழைன்னா காரை எல்லாம் வெளியேத்தி, ரோட்டை மூடி, கேட்டைத் திறந்து, கார் ஓடுன ரோட்டுலயே ஆத்தை விட்டுருவாங்க. தண்ணி வடிஞ்சதும் கழுவி விட்டுட்டு மறுபடி கார்.

ரவாங் அண்ணன் எங்களை அது வழியாத்தான் கூட்டிட்டுப் போனாரு, நான் கேட்டேன்னு. உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் லைட்டு, வளைஞ்ச சுவரு. கூட வந்ததுக ரெண்டும் தூங்கிருச்சு. நான் மட்டும் சுவத்தைப் பாத்துக்கிட்டே வந்தேன்.

போன அக்டோபர்ல நம்ம செல்லூர்ல வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சே, பந்தல்குடி வாய்க்கா பொங்கி. அப்ப எங்க சார் கிளாஸ்ல சொன்னாரு, மதுரைக்கு சுரங்கம் எல்லாம் வேணாம், கண்மாயும் வாய்க்காலும் இருந்ததே அந்த வேலையத்தான் பாத்துச்சுன்னு. தெப்பக்குளத்துக்கு வைகைத் தண்ணி வாய்க்கா வழியா வந்தா எப்படி நிறையுதுன்னு நாமளே பாக்குறோம்ல. கேயெல்ல தண்ணிக்கு வழி விட இடமில்லாமத்தான் பூமிக்கு அடில போனாங்க. நாம இருந்த இடத்தை மூடிட்டு இருக்கோம். இது டூரிஸ்ட் இழை, இதோட நிறுத்திக்கிறேன்.

ஜனவரி 18

"ரொம்பப் புகழுறீங்க, ஊரு சுத்தமா இருக்குமே?"ன்னு ஒரு கேள்வி. சுத்தமான இடம் சுத்தமா இருக்கு. நாங்க தங்குனது பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம், சீன ஏரியா, அங்க ராத்திரி எலி பூனை சைசுக்கு. ஆழமான ஓப்பன் சாக்கடை, மழைத்தண்ணி போறதுக்காக, மூடி இல்லாத இடத்துல பாத்து நடக்கணும். டுரியான் வாடை வேற, அது சுத்தத்துல சேருமா அசுத்தத்துல சேருமான்னு தெரியல. நடைபாதை ஒரு எடத்துல பளிங்கு மாதிரி இருக்கும், அடுத்த முக்குல டக்குனு முடிஞ்சுரும், முன்னாடி ஆறு லேன் ரோடு. கார் வச்சிருக்கறவங்களுக்குக் கட்டுன ஊரு அது. ஆனா ரயிலு இருக்கு, எல்ஆர்டில (நம்ம மெட்ரோ மாதிரி) டிரைவரே கிடையாது, முன்னாடி கண்ணாடிகிட்ட நின்னுக்கிட்டு மூணு கழுதைகளும் சின்னப் பிள்ளைங்களோட இடத்துக்குச் சண்டை போட்டோம்.

அதே ஏரியாவுல, ஹாஸ்டல்ல இருந்து ஒரு நிமிஷ நடைல, மகாமாரியம்மன் கோயில் இருக்கு, 1873ல ஆரம்பிச்சது. எதுத்தாப்ல சீனக் கோயில். ரெண்டுலயும் ஊதுபத்திப் புகை, ரோட்டுக்கு நடுவுல கலந்துக்குது.

ஜனவரி 22

ரவாங் அண்ணன் கதையப் படிச்சுட்டு ஒருத்தர் கோவமா எழுதியிருக்காரு, "அப்ப அங்க வேலை பாக்குற நம்ம ராமநாதபுரத்துப் பசங்க யாரு? அவங்களும் வெளிநாட்டுக்காரங்களா?" சரியான கேள்வி. நான் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிட்டேன்னு எனக்கே ரெண்டு நாளா உறுத்திக்கிட்டு இருந்துச்சு.

நாங்க தினமும் சாப்பிட்ட மாமாக் கடைல கல்லுல நின்னவரு பரமக்குடிப் பக்கம். நாங்க பேசுனதை வச்சே "மதுரையா?"ன்னு கண்டுபிடிச்சாரு. ரவாங் அண்ணன்கிட்ட நான் எதிர்பார்த்த அத்தனையும் இவருகிட்ட கிடைச்சுச்சு, மாட்டுத்தாவணில இருந்து பஸ் இப்ப எவ்வளவு நேரம், நாலு வழிச்சாலை எப்படி இருக்கு, மழை பேஞ்சுச்சா, வைகைல தண்ணி விட்டாங்களா. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஊருக்கு வர்றாராம். தங்குறது கடைக்கு மேல. நகரத்துல அந்த டவரைத் தவிர எதையும் பாத்ததில்லைன்னாரு, அதையும் கடை வாசல்ல இருந்து தலை மட்டும்தான் தெரியும்.

அவரு வீசுற ரொட்டியத் திங்க வர்ற உள்ளூர்த் தமிழங்க அவருகிட்ட மலாயும் தமிழும் கலந்து ஆர்டர் சொல்றாங்க. மரியாதைக் குறைவா எல்லாம் இல்ல. ஆனா அவங்க பேச்சு வேற, இவரு பேச்சு வேற. "அவங்களுக்கு இது ஊரு தங்கச்சி, எனக்கு டூட்டி"ன்னாரு, சொல்லிட்டு அடுத்த மாவு உருண்டைய எடுத்துட்டாரு.

கிளம்புற அன்னைக்கு ஒரு பையைக் குடுத்தாரு. மைலோ டின்னு, கோடாலித் தைலம், பொண்ணுக்கு ஒரு ஸ்கூல் பேக்கு. நாங்க ஏழு கிலோ கை லக்கேஜோட போன ஆளுங்க, டிரெஸ்ஸுக்கு மேல டிரெஸ்ஸா ரெண்டு போட்டுக்கிட்டுத்தான் ஃபிளைட் ஏறுனோம், திருச்சி வெயில்ல இறங்கி வேர்த்து ஊத்துச்சு. மாட்டுத்தாவணில அவரு மச்சினன் வந்து வாங்கிட்டுப் போனாரு. "மச்சான் நல்லாருக்காரா, இளைச்சிருக்காரா"ன்னு கேட்டாரு. நல்லாருக்காருன்னு சொன்னேன். இளைச்சிருந்தாரான்னு எனக்கு எப்படித் தெரியும், முன்னாடி எப்படி இருந்தாருன்னே தெரியாது.

அதனால கேள்விக்கு என் பதில்: ஒரே கடைல கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ், இந்தப் பக்கம் ஒரு தமிழ், நடுவுல நாங்க மூணு பேரு டூரிஸ்டு. மூணும் வேற வேற. இதை ஒரே மூட்டையாக் கட்டி "நம்ம ஆளுங்க"ன்னா, பரமக்குடி அண்ணனோட கஷ்டமும் தெரியாது, ரவாங் அண்ணனோட உரிமையும் தெரியாது.

ஜனவரி 23

செலவு எவ்வளவு ஆச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. சொல்லமாட்டேன், எங்க வீட்டுல யாராவது படிச்சிருவாங்க. டார்மிட்டரில தங்கி, ரொட்டி சானாய் தின்னு, ரயில்ல போனா ஸ்டைபெண்ட் சேத்து வச்சவங்களுக்குத் தாங்கும். மால் பக்கம் போனா தாங்காது.

பிப்ரவரி 12

இழை தூங்கிப்போச்சுன்னு நினைச்சேன், நேத்து தைப்பூசம்னதும் மறுபடி எழுந்திருச்சு. கேள்வி கேட்டவர் பழனிக்குப் பாதயாத்திரை போயிட்டு வந்து கால் வலியோட டைப் பண்ணியிருக்காரு: "பத்துமலைலயும் நேத்து பூசம்தான். அதே நாள், அதே காவடி, அதே அரோகரா. இப்பவாச்சும் ஒத்துக்க."

அதே நாள்தான். எங்க பக்கமும் ரோடு பூராம் பச்சை வேட்டி, தண்ணிப் பந்தல், விடிய விடிய நடை. அங்க பூசத்துக்கு முன்னாடியே ராத்திரில மகாமாரியம்மன் கோயில்ல இருந்து வெள்ளி ரதம் கிளம்பி, பெரிய கட்டடம், பேங்கு, மால் எல்லாத்துக்கும் நடுவுல பத்துமலை வரைக்கும் போகுது, பதினஞ்சு கிலோமீட்டர் பக்கம். 1892ல இருந்து அங்க பூசம் நடக்குது. நான் நேர்ல பாத்ததில்ல, நேத்து லைவ்ல பாத்தேன்.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா. தைப்பூசத்துக்குத் தமிழ்நாட்டுல அரசு விடுமுறை விட ஆரம்பிச்சது 2021ல. கோலாலம்பூர்ல 2008லயே அறிவிச்சுட்டாங்க, பினாங்கு மாதிரி சில மாநிலத்துல அதுக்கும் முன்னாடியே உண்டு. அதுவும் சும்மா வரல. 2007 நவம்பர்ல அங்க இந்திய வம்சாவளி ஆளுங்க ஆயிரக்கணக்குல ரோட்டுக்கு வந்தாங்க, கண்ணீர்ப்புகை, தண்ணி பீச்சுறது எல்லாம் நடந்துச்சு, ரெண்டு மாசத்துல பிரதமர் லீவு அறிவிச்சாரு, அதுக்கடுத்து தேர்தல். அவங்க அரசியல், அவங்க லீவு. நமக்கு அதுல பங்கில்ல.

2026ல பூசம் பிப்ரவரி 1, ஞாயித்துக்கிழமை. பூசத்துக்குப் போறதா இருந்தா முன்கூட்டியே டிக்கெட்டைப் பாருங்க, திருச்சி ஃபிளைட்டு அந்த வாரம் எகிறிரும். கார்ல போகலாம்னு நினைக்காதீங்க, ரோடை அடைச்சிருவாங்க, பூசத்துக்கு ராத்திரியும் கொம்யூட்டர் ரயில் ஓட்டுறாங்க, அதுல ஏறுங்க. கரும்பு ஜூஸை படிக்கட்டுக்குக் கீழயே குடிச்சு முடிச்சிருங்க.